மூன்று மாதம் கையில் இருக்கிறது, வெளிநாட்டில் ஆதரவற்ற பிள்ளைகளோடு தன்னார்வப் பணிக்குப் போகலாமா?

தூரத்துப்பச்சை

எல்லோருக்கும் வணக்கம். பழைய வேலையை விட்டாயிற்று, புது வேலையில் சேர இன்னும் நாலு மாதம் இருக்கிறது. நடுவில் மூன்று மாதம் வெளிநாட்டில் எங்காவது போய்க் குழந்தைகளுக்கோ டீன் ஏஜ் பிள்ளைகளுக்கோ உதவியாக இருக்கலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. எனக்கு வயது 26, படித்தது கணினி. குழந்தைகளோடு அனுபவம் என்று பார்த்தால் கல்லூரிக் காலத்தில் இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தேடிப்பார்த்ததில் ஒரு ஏஜென்சி கிடைத்தது. படிவம் நிரப்பிப் பத்து நிமிடம் ஆகவில்லை, 'வாழ்த்துகள், உங்கள் இடம் உறுதி' என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. ஒரு காப்பகம், நாலு வயதிலிருந்து பதினேழு வயது வரை நாற்பது பிள்ளைகள், காலையில் ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும், மாலையில் விளையாட்டு, சனி ஞாயிறு ஊர் சுற்றிப் பார்க்கலாம். சுற்றுலா விசாவே போதும் என்கிறார்கள். டிக்கெட் செலவு போக வாரக் கணக்கில் கட்டணமும் கட்ட வேண்டும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவிடம் காட்டினேன், அவள் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நீ யார் என்னவென்றே விசாரிக்காமல் நாற்பது பிள்ளைகளை உன் கையில் விடுகிறார்களே, உனக்கு முன்னால் யார் யாரை விட்டிருப்பார்கள்?" அதிலிருந்து தூக்கமில்லை.

போகலாமா, வேண்டாமா? காசு கட்டிப் போவதே தப்பா? அப்புறம், வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள், தெருவில் இருப்பவர்கள், போதையில் மாட்டியவர்கள் என்று பெரிய பிள்ளைகளோடு வேலை செய்கிற இடங்களும் இருக்கின்றனவாம். அதெல்லாம் என்னைப் போன்ற ஆளால் முடியுமா? போய் வந்தவர்கள் மூடிமறைக்காமல் சொல்லுங்கள்.

பழையகுடை

முதலில் உங்கள் அக்காவுக்கு ஒரு கும்பிடு. எனக்கு அப்படிக் கேட்க யாரும் இல்லை, நான் போய்விட்டேன்.

நேபாளம், ஆறு வாரம். போய் இறங்கிய முதல் நாளே ஏழெட்டுக் குழந்தைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டார்கள், ஒரு பெண் குழந்தை என் மடியை விட்டு இறங்கவே இல்லை, நான் அன்று இரவு வீட்டுக்கு எழுதியதில் 'பிறந்ததிலிருந்து எனக்காகவே காத்திருந்தது போல' என்றெல்லாம் உருகியிருந்தேன். எனக்கு முந்தைய வாரம் வந்தவருக்கும் அதே மடி உட்காரல்தான், அவரும் அதையேதான் எழுதியிருப்பார். முன்பின் தெரியாத ஆளிடம் உடனே ஒட்டிக்கொள்வது அந்தக் குழந்தையின் அன்பு இல்லை, காயம். இதை நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, இரண்டு பக்கத்தையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. குடும்பத்துக்குப் போன குழந்தைகள், அதுவும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், ஒரே ஆளிடம் நிலையாக ஒட்டுவதிலும் அறிவு வளர்ச்சியிலும் தேறினார்கள். காப்பகத்திலேயே இருந்தவர்கள் பலருக்கு அது வாய்க்கவில்லை. குழந்தைக்கு வேண்டியது மாறாத ஒரு முகம். நாமோ ஆறு வாரத்துக்கு ஒரு முகமாக மாறி மாறிப் போய் நின்றோம்.

இதைவிட மோசம் ஒன்று நடந்தது. நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் சமயம், பெற்றோர் இருவரும் இல்லை என்று எங்களிடம் சொல்லப்பட்ட ஒரு பையனைத் தேடி ஒருவர் வந்து வாசலில் நின்றார். பையன் அவரைப் பார்த்ததும் ஓடிய ஓட்டத்திலேயே அது யார் என்று தெரிந்துவிட்டது. நிர்வாகி எங்களிடம் "தூரத்து மாமா" என்றார். மாமாவைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அப்படி அழாது.

அப்புறம்தான் விசாரித்தேன். 1996-இல் தொடங்கி 2006 வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஹும்லா மாதிரி மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போய், 'உங்கள் பிள்ளையைப் பத்திரமாகப் படிக்கவைக்கிறோம்' என்று சொல்லிப் பெற்றோரிடமே பணமும் வாங்கிக்கொண்டு காத்மாண்டுக்குக் கூட்டிவந்து அனாதை என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். போர் முடிந்தும் அந்த வியாபாரம் நிற்கவில்லை, ஏனென்றால் எங்களைப் போல் காசு கட்டி வருபவர்கள் நிற்கவில்லை. கம்போடியாவிலும் இதே கதை, 2005-லிருந்து 2010-க்குள் காப்பகங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் ஏறியது, அனாதைகள் கூடியதால் அல்ல. உலகம் முழுக்கக் காப்பகங்களில் இருக்கும் ஐந்து பிள்ளைகளில் நாலு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தைகள் நலத் தொண்டு அமைப்பு 2009-லேயே சொல்லிவிட்டது. நான் போனது அதற்கும் பல வருடம் கழித்து. கண் இருந்தும் படிக்கவில்லை.

காசு கட்டுவது தப்பா என்றால், கட்டணம் என்பதே தப்பில்லை, உங்கள் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் யாராவது செலவழித்தாக வேண்டும்தானே. ஆனால் பிள்ளை நிரம்பினால்தான் கட்டணம் வரும் என்கிற ஏற்பாடாக இருந்தால் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்? அதை யோசியுங்கள்.

இரவுப்பணி

நான் வெளிநாட்டில் வீடில்லாத பதின்ம வயதினருக்கான இரவு விடுதி ஒன்றில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன், சம்பளத்துக்குத்தான். தன்னார்வலர்கள் வருவார்கள், சிலர் அருமையான ஆட்கள், சிலரைச் சமாளிப்பதே எங்களுக்குத் தனி வேலை. பழையகுடை சின்னக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் பெரிய பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

பதினாலு வயதுப் பையன் உங்கள் மடியில் வந்து உட்கார மாட்டான். உங்களைச் சோதிப்பான். என்னுடைய இரண்டாவது வாரம் ஒருவன் என் கைப்பேசியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, நான் கத்துகிறேனா, போலீஸைக் கூப்பிடுகிறேனா, இல்லை மற்றவர்கள் மாதிரி அடுத்த நாள் வராமல் போய்விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று நாள் கழித்து மேசைமேல் இருந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம் கழித்துத்தான் என்னிடம் முதல் முழு வாக்கியம் பேசினான், அதுவும் வானிலையைப் பற்றி. உங்களிடம் இருப்பது மூன்று மாதம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961-லிருந்து வெளிநாடுகளுக்கு ஆள் அனுப்புகிறது, அவர்கள் வைத்திருக்கும் காலம் 27 மாதம், அதில் முதல் மூன்று மாதம் மொழியும் பழக்கவழக்கமும் கற்கவே போய்விடும். நீங்கள் மொத்தமாக இருக்கப்போவதே அவர்களின் பயிற்சிக் காலம்தான்!

அதற்காக உங்களால் எதுவுமே முடியாது என்று சொல்லவில்லை. குறுகிய காலத்துக்கு வருபவர்கள் பிள்ளைகளுக்கு நேராக நிற்காமல், பிள்ளைகளோடு நிற்கிற உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பின்னால் நின்றால் ஏகப்பட்ட வேலை இருக்கிறது. எங்கள் இடத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டிய பணியாளர், மறுநாள் நிதியுதவி கொடுத்தவர்களுக்கு அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். அந்த அறிக்கையை நீங்கள் வாங்கிக்கொண்டால் போதும்.

நேரடியாகப் பழக வேண்டி வந்தால் சில விஷயங்கள். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள், அது அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும். சொந்த எண் தரக் கூடாது, சமூக வலைத்தளத்தில் சேர்த்துக்கொள்ளக் கூடாது, பரிசு, காசு எதுவும் தனியாக ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, முகம் தெரியும் படத்தை உங்கள் பக்கத்தில் போடவே கூடாது. 'என்ன நடந்தது உனக்கு?' என்று நீங்களாகத் தோண்டாதீர்கள். ஒரே கதையைப் பத்துப் பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது புண்ணைக் கிளறுகிற வேலை. அவர்களாகவே ஒருநாள், "ஒன்று சொல்வேன், யாரிடமும் சொல்லக் கூடாது" என்று ஆரம்பிப்பார்கள். அங்கேதான் புதியவர்கள் எல்லோரும் வழுக்குவார்கள், 'சத்தியமாகச் சொல்லமாட்டேன்' என்றுவிடுவார்கள். சொல்லாதீர்கள். "உனக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் இதைக் கவனிக்கிற ஆளிடம் நான் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் யாரிடம் சொல்கிறேன் என்பதை உனக்குத் தெரியாமல் செய்யமாட்டேன்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். அவர்களில் பலர் ஒரு வாரத்தில் திரும்பி வருவார்கள்.

வாக்குறுதி எதுவும் வேண்டாம். 'அடுத்த வருடம் வருவேன்' என்பதுகூட வேண்டாம். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அவர்கள் தேதி எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் அக்கா கேட்ட கேள்வி சும்மா பயமுறுத்தல் இல்லை. மலேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நடுவில் ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டனாகப் பழகிப் பிள்ளைகளைச் சீரழித்த ஒரு பிரிட்டிஷ் ஆளுக்கு 2016-ல் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனை கொடுத்தது. அவனும் பார்க்க அன்பானவனாகத்தான் இருந்தான். ஆகவே உங்களைச் சந்தேகிக்கிற இடம்தான் நல்ல இடம். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் கடிதம், நேர்காணல், குழந்தைப் பாதுகாப்பு விதிகளைப் படித்துக் கையெழுத்து, புகார் சொல்ல ஒரு பெயர் குறித்த பொறுப்பாளர், இவை இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் வரலாம் என்று சொல்பவர் உங்களையும் சட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறார், பல நாடுகளில் சம்பளமில்லாத வேலைக்கும் தனி அனுமதி வேண்டும், பிரிட்டனில் தொண்டுப் பணிக்கென்றே ஒரு விசா வகை இருக்கிறது, அதிகபட்சம் 12 மாதம், அழைக்கிற அமைப்பு பொறுப்பேற்றால்தான் கிடைக்கும்.

வெயில்மரம்

எல்லோரும் இப்படி மிரட்டினால் அப்புறம் யார்தான் போவார்கள்? ஏதோ நல்ல மனதோடு ஒருவர் வந்து கேட்கிறார், குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள்.

நான் இரண்டு மாதம் போய் வந்தேன், ஒரு நகரத்தின் ஓரப் பகுதியில் கால்பந்துப் பயிற்சித் திட்டம். கும்பல்களில் சேர்ந்துவிடக்கூடிய வயதுப் பையன்கள், பெண்கள். பள்ளி விட்டு வந்ததும் நேராக மைதானம், இரவு அவரவர் வீடு. பயிற்சியாளர்கள் எல்லோரும் அதே தெருக்காரர்கள், சிலர் அந்தத் திட்டத்திலேயே வளர்ந்தவர்கள். நான் செய்ததெல்லாம் பந்துக்குக் காற்றடிப்பது, கோடு போடுவது, ஆள் குறைந்தால் கோல்கீப்பராக நின்று அவமானப்படுவது. நான் கிளம்பிய நாளன்று யாரும் அழவில்லை. ஒரு பெண் மட்டும், "இனிமேல் கோல் போடுவது கஷ்டம்" என்றாள். அதைவிட நல்ல பிரிவுரை எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

போங்கள் தம்பி, காப்பகமாக இல்லாமல் பிள்ளைகள் வீட்டில் இருந்து வந்துபோகிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

இரவுப்பணி

வெயில்மரம், நான் சொன்னதையே நீங்கள் பந்தோடு சொல்லியிருக்கிறீர்கள், சண்டைக்கு இடமில்லை. உள்ளூர் ஆட்கள் முன்னால், நீங்கள் பின்னால், கிளம்பும்போது யாரும் அழவில்லை. அதேதான்.

கடைசிப்பெஞ்ச்

நான் பொதுவாக இங்கே படிப்பதோடு சரி. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் போக மனமில்லை, ஏனென்றால் நான் அந்தப் பக்கத்து ஆள். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை காப்பகத்தில் வளர்ந்தவன். எந்த நாடு, எந்த ஊர் என்பது வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களை நாங்கள் எண்ணுவோம். ஒரு வருடத்தில் முப்பத்தொன்று வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். வரவேற்புப் பாட்டு ஒன்று உண்டு, எப்போது வேண்டுமானாலும் எழுப்பிப் பாடச் சொன்னாலும் பாடுவோம். கையை எப்படிப் பிடித்துக்கொண்டால் சாக்லேட் வரும், எப்படிப் பார்த்தால் செருப்பு வரும் என்பதெல்லாம் எட்டு வயதுக்குள் அத்துப்படி. வருபவர்கள் எல்லோரும் ஒரே ஆங்கிலப் பாடத்தைத்தான் எடுத்தார்கள், வண்ணங்கள், பழங்கள், உடல் உறுப்புகள். முழங்கை என்ற சொல்லை நான் பத்துப் பன்னிரண்டு தடவை கற்றிருக்கிறேன். பன்னிரண்டு தடவையும் புதிதாகத் தெரிந்துகொண்டது போல முகத்தை வைத்துக்கொண்டேன், அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று.

யாரையும் திட்ட எழுதவில்லை. கெட்டவர்கள் இல்லை. அவர்கள் போன பிறகு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இருக்கும் அந்த அமைதி மட்டும் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, விருந்தாளி வந்து போன எந்த வீட்டிலும் எனக்கு ஒரு மணி நேரம் ஒரு மாதிரியாக இருக்கும்.

வந்தவர்களில் ஒரே ஒருவரைத்தான் பெயரோடு ஞாபகம் இருக்கிறது. அவர் எங்களோடு விளையாடவே இல்லை. அலுவலக அறையில் உட்கார்ந்து இரண்டு மாதம் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார், கரையான் தின்ற நோட்டு, ஈரத்தில் ஊறிய நோட்டு எல்லாவற்றையும். எங்களுக்கு அவர்மேல் கோபம்கூட, 'இவர் பந்துகூட வாங்கித் தரவில்லை' என்று. எனக்குப் பதினெட்டு வயதாகி வெளியே அனுப்பியபோது ஒரு தாள் அச்செடுத்துக் கொடுத்தார்கள். என்னைக் கொண்டுவந்து விட்டவர் யார், எந்த ஊர், என்னோடு வந்த தங்கை வேறு எந்த இல்லத்துக்கு மாற்றப்பட்டாள் என்று அதில் இருந்தது. எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே கனவா நிஜமா என்று குழம்பிக்கொண்டிருந்தவன் நான்.

கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆயிற்று. இப்போது என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

நீங்கள் கணினி படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் சொன்னேன்.

பழையகுடை

கடைசிப்பெஞ்ச், நன்றி. மேற்கொண்டு எழுத வரவில்லை.

தூரத்துப்பச்சை

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் மூன்று தடவை படித்தேன், அக்காவுக்கும் அனுப்பினேன்.

அந்த ஏஜென்சிக்கு ஐந்து கேள்வி எழுதிப் போட்டேன். பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், போன வருடம் எத்தனை பேர் குடும்பத்தோடு சேர்த்துவைக்கப்பட்டார்கள், நிலையான பணியாளர் எத்தனை பேர், என்னிடம் ஏன் காவல்துறைச் சான்றிதழ் கேட்கவில்லை, நான் கட்டும் பணத்தில் காப்பகத்துக்கு எவ்வளவு போகிறது. ஒரே நாளில் பதில் வந்தது: 'கவலை வேண்டாம், எங்கள் குழந்தைகள் மிகவும் அன்பானவர்கள்.' கூடவே இந்த வாரத்துக்குள் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கட்டவில்லை.

இன்னொரு அமைப்புக்கும் எழுதினேன், அவர்கள் காப்பகம் நடத்துவதில்லை, இருக்கிற காப்பகங்களிலிருந்து பிள்ளைகளைச் சொந்த வீட்டுக்கோ உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்துக்கோ அனுப்புகிற வேலை செய்கிறார்கள். இரண்டு நேர்காணல் ஆகிவிட்டது. இரண்டாவதில் ஒரு அம்மா முக்கால் மணி நேரம் என்னைக் குடைந்தெடுத்தார், 'கோபம் வந்தால் என்ன செய்வாய்', 'கடைசியாக யாரிடம் மன்னிப்புக் கேட்டாய்' என்றெல்லாம். வியர்த்துவிட்டது. முதலில் ஒரு மாதம் வீட்டிலிருந்தபடியே அவர்களுடைய கோப்பு முறையைச் சரிசெய்ய வேண்டும், பெயர் எல்லாம் மறைத்த மாதிரித் தரவை வைத்து. அது ஒத்துவந்தால் மீதி இரண்டு மாதம் அங்கே போய் அலுவலகத்தில். பிள்ளைகள் இருக்கும் பக்கமே போக வேண்டியிருக்காது என்று அந்த அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்காகப் போய்விட்டு ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்காமல் வருவதா என்று. அந்த ஏமாற்றம் யாருக்காக என்று இரண்டு நாள் யோசித்தேன். சரி என்று எழுதிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். அந்தக் கோப்புகளைப் படிக்கும்போது மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும் என்றும் அவர் சொன்னார். அதற்கு எப்படித் தயாராவது?

இரவுப்பணி

முழுதாகத் தயாராக முடியாது, ஆனால் வழி உண்டு. ஒரே மூச்சில் படிக்காதீர்கள், ஒரு மணி நேரம் படித்தால் எழுந்து வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள். படுக்கப் போகும் முன் ஒருநாளும் கோப்பைத் திறக்காதீர்கள். படித்ததை வீட்டில் சொல்லவும் முடியாது, அது அந்தப் பிள்ளைகளின் விஷயம், அதனால் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச அங்கேயே ஒரு ஆளை ஒதுக்கித் தருவார்களா என்று இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல இடமாக இருந்தால் நீங்கள் கேட்கும் முன்பே ஏற்பாடு இருக்கும். தூக்கம் கெட்டாலோ, எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தாலோ, அல்லது எதுவுமே உறைக்காமல் மரத்துப்போனாலோ, மூன்றாவதுதான் ஆபத்து, உடனே சொல்லிவிடுங்கள்.

காவல்துறைச் சான்றிதழ் வர நாளாகும், விண்ணப்பத்தை நாளைக்கே போட்டுவிடுங்கள்.

கடைசிப்பெஞ்ச்

பதிவேட்டில் பெயரை ஏற்றும்போது எழுத்துப்பிழை பார்த்து ஏற்றுங்கள். என் தங்கையின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. மூன்று வருடத்தில் ஒரு வருடம் அதற்கே போயிற்று.